மனிதக் கடத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனிதக் கடத்தல் என்றால் சரியாக என்ன?

'கடத்தல்' என்ற சொல்லே நம்மைக் குழப்பிவிடுகிறது. தங்கத்தை ஒளித்துக் கொண்டுவருவதையும் கடத்தல் என்கிறோம், பணம் பறிப்பதற்காக ஒருவரைத் தூக்கிச் செல்வதையும் கடத்தல் என்கிறோம். அதனால் மனிதக் கடத்தல் என்று கேட்டவுடன், வாயைப் பொத்தி வண்டிக்குள் இழுத்துப் போடும் காட்சியே பெரும்பாலோர் மனத்தில் எழுகிறது. சட்டம் சொல்வது இதைவிட மிக விரிவானது. ஐ.நா. பொதுச்சபை 2000 நவம்பரில் ஏற்றுக்கொண்ட ஒரு நெறிமுறை (நாடுகள் ஏற்கும் ஒப்பந்தம்), அந்த ஆண்டு டிசம்பரில் இத்தாலியின் பலெர்மோ நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டதால் பலெர்மோ நெறிமுறை என்று அழைக்கப்படுகிறது. 2003 டிசம்பர் 25 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அந்த நெறிமுறை ஒரு செயலையும் ஒரு வழியையும் ஒரு நோக்கத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆளைச் சேர்ப்பது, ஏற்றிச் செல்வது, கைமாற்றுவது, பதுக்கி வைப்பது, பெற்றுக்கொள்வது ஆகியவற்றுள் எதுவும் செயலாகலாம். வன்முறை, மிரட்டல், ஏமாற்று, ஒருவருடைய இக்கட்டான நிலையைப் பயன்படுத்திக்கொள்வது, அவர்மீது அதிகாரம் உள்ளவருக்குப் பணம் கொடுத்து இசைவு பெறுவது ஆகியவை வழிகள். நோக்கம் சுரண்டல்: பாலியல் சுரண்டல், கட்டாய உழைப்பு, அடிமைத்தனம், உடலுறுப்புகளை எடுப்பது போன்றவை. இந்த மூன்றும் ஓரிடத்தில் கூடினால் அது மனிதக் கடத்தல். கீழே வரும் பதில்கள் எல்லாமே இதிலிருந்து பிறக்கும் ஒரு கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன: இந்த மனிதர் நினைத்த நேரத்தில் எழுந்து, வேலையை விட்டுவிட்டு, வெளியே நடந்து போக முடியுமா?

நாட்டின் எல்லையைத் தாண்டினால்தானே அது கடத்தல்?

இல்லை. ஒரே ஊருக்குள், ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டுக்குள்கூட இந்தக் குற்றம் நடக்கலாம். எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்ட ஒருவருக்கு உதவி, அதற்குப் பணம் வாங்குவது வேறொரு குற்றம், அதற்குத் தனி நெறிமுறை இருக்கிறது. அங்கே மீறப்படுவது ஒரு நாட்டின் குடிவரவுச் சட்டம், மறுகரை சேர்ந்ததும் ஏற்றிவிட்டவருக்கும் பயணிக்கும் இடையிலான தொடர்பு பெரும்பாலும் முடிந்துவிடும். மனிதக் கடத்தலில் மீறப்படுவது ஒரு மனிதரின் சுதந்திரம், போய்ச் சேர்ந்த பிறகுதான் அது முழு உருவத்தையும் காட்டுகிறது. முதலாவதாகத் தொடங்கியது வழியிலேயே இரண்டாவதாக மாறுவதும் உண்டு: படகுக்கட்டணத்தைக் கட்ட முடியாதவரை ஒரு கொட்டடியில் அடைத்து, கடன் தீரும்வரை வேலை செய் என்று சொல்லும் நொடியில் அந்த மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது.

அவரே விருப்பப்பட்டுத்தானே போனார், பிறகு எப்படி அவரைப் பாதிக்கப்பட்டவர் என்று சொல்வது?

இந்தக் கேள்வி அடிக்கடி எழுவது மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவர்களை மிக ஆழமாகக் காயப்படுத்துவதும் இதுதான் என்பதால், பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் சம்மதித்தது எதற்கு என்று முதலில் கேட்க வேண்டும். துணிக்கடையில் வேலை, எட்டு மணி நேரம், மாதச் சம்பளம், வாரம் ஒரு நாள் விடுமுறை என்று சொல்லப்பட்டதற்கே அவர் தலையாட்டினார். பூட்டிய அறைக்கோ, பதினாறு மணி நேர உழைப்புக்கோ, அடிக்கோ அவர் சம்மதிக்கவில்லை. பொய்யைக் காட்டிப் பெற்ற சம்மதம் அந்தப் பொய்க்குத்தான் பொருந்துமே தவிர, அதன் பின்னால் மறைக்கப்பட்டிருந்த உண்மைக்குப் பொருந்தாது. மேலே சொன்ன வழிகளில் ஏதேனும் ஒன்று பயன்படுத்தப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் சுரண்டலுக்குச் சம்மதித்தார் என்ற வாதம் செல்லாது என்று பலெர்மோ நெறிமுறையின் 3-ஆம் பிரிவு வெளிப்படையாகக் கூறுகிறது.

வீட்டில் நோயாளியும் கடனும் இருக்கும்போது, கைக்கு எட்டிய ஒரே வேலையை ஒருவர் ஏற்றுக்கொள்வதைப் பேராசை என்று பழிப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் தேடியது பிழைப்பை. அந்தத் தேவையை அறிந்து வலை விரித்தவர்மீது விழ வேண்டிய கேள்வியை அவர்மீது வீசுவது, குற்றவாளிக்கு நாம் செய்யும் உதவியாகவே முடிகிறது.

குழந்தைகள் என்றால் சட்டம் வேறுபடுகிறதா?

ஆம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சுரண்டும் நோக்கத்துடன் சேர்த்தாலோ கொண்டுசென்றாலோ பதுக்கினாலோ, ஏமாற்றோ வன்முறையோ நடந்ததாக நிறுவ வேண்டிய தேவையே இல்லை. குழந்தையின் சம்மதமும், அதன் பெற்றோர் கொடுத்த சம்மதமும் இங்கே கணக்கில் வராது. குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களை ஒழிப்பதற்கான 182-ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1999-இல் நிறைவேற்றியது. 2020-இல் அதன் உறுப்பு நாடுகள் அனைத்துமே அதை ஏற்று முடித்தன. அந்த அமைப்பின் வரலாற்றில் எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்ற முதல் உடன்படிக்கை இதுவே. குழந்தை விற்பனையும் கடத்தலும், ஆயுதப் போரில் குழந்தைகளைக் கட்டாயமாகச் சேர்ப்பதும் அதன் தடைப் பட்டியலில் உள்ளன.

பூட்டு, சங்கிலி எதுவும் இல்லாமல் ஒருவரை எப்படிப் பிடித்துவைக்க முடியும்?

பெரும்பாலும் கடனைக் கொண்டு. இதை ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

ஒருவருக்கு வேலை வாங்கித்தர ஏஜென்ட் கேட்ட கட்டணத்தையும் பயணச் செலவையும் முதலாளியே முன்பணமாகக் கொடுத்திருக்கிறார், அது 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 10 பங்கு என்று பேச்சு, ஓராண்டுக்குள் கடன் அடைந்துவிடும் என்ற நம்பிக்கையில் அவர் கிளம்புகிறார். போய்ச் சேர்ந்த அன்று சம்பளம் 6 பங்குதான் என்று தெரிகிறது. அதில் தங்குமிடத்துக்கு 2, சாப்பாட்டுக்கு 2 பிடித்துக்கொண்டு, மீதி 2 பங்கைக் கடனில் வரவு வைக்கிறார்கள். ஆனால் கடனுக்கு மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. முதல் மாத முடிவில் 100 என்பது 103 ஆகி, அதில் 2 கழிந்து, 101 ஆகிறது. ஒரு நாள்கூட ஓய்வெடுக்காமல், கையில் ஒரு காசு வாங்காமல் ஓராண்டு உழைத்து முடித்த அன்று நோட்டில் நிற்கும் தொகை 114. இதில் காய்ச்சலில் படுத்த நாளுக்கான அபராதத்தையும், உடைந்த கருவியின் விலையையும் நான் சேர்க்கவில்லை. நோட்டில் அவை கட்டாயம் சேர்ந்திருக்கும்.

அந்த நோட்டு எப்போதும் முதலாளியின் மேசைக்குள்தான் இருக்கும். தொழிலாளிக்கு அதைப் படிக்கத் தெரிந்தாலும் காட்டமாட்டார்கள், காட்டினாலும் எதிர்க்கேள்வி கேட்கும் துணிவு அவருக்கு இராது. 'வாங்கிய கடனைக் கொடுக்காமல் ஓடுவது தப்பு' என்று நல்ல குடும்பத்தில் கற்றுக்கொண்ட நேர்மையே அவருக்கு விலங்காகிவிடுகிறது. இதைச் சட்டம் அறியாமல் இல்லை. உழைப்பின் நியாயமான மதிப்பு கடனில் கழிக்கப்படாவிட்டாலோ, எவ்வளவு காலம், என்ன வேலை என்று வரையறை இல்லாவிட்டாலோ அது கடன் அடிமைத்தனம் என்று 1956-ஆம் ஆண்டின் அடிமைமுறை ஒழிப்புத் துணை உடன்படிக்கை வரையறுத்திருக்கிறது. நாம் கொத்தடிமை என்று சொல்வது இதைத்தான்.

ஏழைகளும் படிக்காதவர்களும்தானே இதில் சிக்குகிறார்கள்?

வறுமை ஒருவரை எளிய இலக்காக ஆக்குகிறது என்பது உண்மை. போர், இடப்பெயர்வு, வெள்ளம், வறட்சி, பெற்றோரை இழத்தல், வீட்டுக்குள் நடக்கும் வன்முறை ஆகியவையும் அப்படியே. ஆனால் படிப்பு ஒரு கவசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தென்கிழக்கு ஆசியாவில் மதில் சூழ்ந்த வளாகங்களுக்குள் ஆட்களை அடைத்து, இணையவழி மோசடி செய்யக் கட்டாயப்படுத்துவது பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் அந்த நிலையில் இருக்கலாம் என்ற மதிப்பீடு அதில் இருந்தது. அவர்களில் பலர் பட்டதாரிகள், கணினி அறிந்தவர்கள், பல மொழிகள் பேசுபவர்கள். கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பி, முறையான விமானச் சீட்டுடன் போனவர்கள். அன்றைய இலக்குத் தொகையை ஏமாற்றிச் சேர்க்காவிட்டால் அடியும் மின்சார அதிர்ச்சியும் கிடைக்கும் என்ற நிலையில், முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு அன்பாகப் பேசிக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்களைப் பிடிப்பவர்கள் யார்?

முன்பின் தெரியாத முரடர்கள் என்ற எண்ணம் பெரும்பாலும் தவறு. உறவினர், அயலார், ஏற்கெனவே அந்த வேலைக்குப் போய்வந்தவர், காதலிப்பதாகச் சொல்பவர், சமூக ஊடகத்தில் மாதக்கணக்கில் ஆறுதலாகப் பேசியவர் என்று நம்பிக்கைக்குரிய முகங்களே முதலில் வருகின்றன. ஆண்களைப் போலவே பெண்களும் இதைச் செய்கிறார்கள். தாமே கடத்தப்பட்டு, தங்கள் கடன் குறையும் என்ற வாக்குறுதியில் அடுத்தவரை அழைத்துவரும்படி நெருக்கப்பட்டவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள்.

ஏன் அவர்கள் தப்பி ஓடுவதில்லை, வீட்டுக்குத் தொலைபேசியிலாவது சொல்லக்கூடாதா?

ஒரு தொலைபேசி அழைப்பை நினைத்துப் பாருங்கள். மாதம் ஒருமுறை, பத்து நிமிடம், மேற்பார்வையாளரின் அறையில், ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பேசச் சொல்கிறார்கள். மறுமுனையில் அம்மா, 'நல்லா இருக்கியாப்பா, நேரத்துக்குச் சாப்பிடுறியா?' என்று கேட்கிறார். எதிரே நாற்காலியில் அந்த ஆள் உட்கார்ந்திருக்கிறான். 'நல்லா இருக்கேம்மா' என்பதைத் தவிர வேறு பதில் அங்கே சாத்தியமில்லை. அம்மாவும் மன நிறைவோடு தொலைபேசியை வைத்துவிடுவார்.

பாஸ்போர்ட் இல்லாமல் வெளியே போனால் போலீஸ் உன்னைத்தான் பிடிக்கும் என்று சொல்லிவைத்திருப்பார்கள். உன் வீடு எங்கே என்று எங்களுக்குத் தெரியும் என்பார்கள். அந்த ஊரின் மொழி தெரியாது. பாலியல் சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு, படங்களை வெளியிட்டுவிடுவோம் என்ற மிரட்டல் இருக்கும். இத்தனைக்கும் நடுவில் பலர் தப்பித்திருக்கிறார்கள் என்பதுதான் வியப்பு. நீதிமன்ற வழக்குகளை ஆராய்ந்த ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகத்தின் 2022 அறிக்கை, 41 விழுக்காடு வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களே வெளியேறி அதிகாரிகளை அணுகியதாகக் கண்டது. வந்தவரை நம்பும் ஓர் அதிகாரி மேசைக்கு அப்பால் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த எண்ணே போதும்.

உலகம் முழுவதும் எத்தனை பேர் இந்த நிலையில் இருக்கிறார்கள்?

மறைவில் நடக்கும் குற்றம் என்பதால் மதிப்பீடுகள்தாம் உண்டு. 2021-ஆம் ஆண்டின் எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் 4 கோடியே 96 லட்சம் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருந்ததாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதனுடன் இணைந்த அமைப்புகளும் கணித்தன. அவர்களில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பிலும், 2 கோடியே 20 லட்சம் பேர் கட்டாயத் திருமணத்திலும் இருந்தனர். கட்டாய உழைப்பில் இருந்த குழந்தைகள் 33 லட்சம். இவை எல்லாமே சட்டத்தின் கறாரான பொருளில் மனிதக் கடத்தல் என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் இங்கே கணக்கிடப்பட்டது கட்டாயத்தில் இருப்பவர்களை, அவர்கள் அங்கே வந்த விதத்தை அல்ல. எண்களை எடுத்தாளும்போது இந்த வேறுபாட்டைக் காப்பது அவசியம்.

அடிமை முறைதான் எப்போதோ ஒழிக்கப்பட்டுவிட்டதே?

மனிதரை உடைமையாக வைத்துக்கொள்ளும் சட்ட உரிமை ஒழிக்கப்பட்டது. அதுவும் நாம் நினைக்கும் அளவுக்குப் பழைய கதையன்று: பிரேசில் 1888-இல் ஒழித்தது, மொரிட்டானியா 1981-இல்தான் ஒழித்தது, அங்கே அடிமை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமானது 2007-இல். 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் தன் 4-ஆவது பிரிவில் அடிமைத்தனத்தை எல்லா வடிவங்களிலும் தடைசெய்கிறது. சட்டம் உரிமையை எடுத்துவிட்டபோதும் லாபம் அப்படியே நீடித்தது. தனியார் துறையில் கட்டாய உழைப்பால் ஆண்டுதோறும் ஈட்டப்படும் சட்டவிரோத லாபம் 23,600 கோடி அமெரிக்க டாலர் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் மதிப்பிட்டது. அந்தத் துறையில் பாதிக்கப்பட்டவர்களில் பாலியல் சுரண்டலுக்கு ஆளானோர் 27 விழுக்காடுதான் என்றாலும், லாபத்தில் 73 விழுக்காடு அவர்களிடமிருந்தே பிடுங்கப்படுகிறது.

என் குடும்பத்தில் யாருக்கும் இது நேரவில்லை, நான் ஏன் இதை எதிர்க்க வேண்டும்?

நீங்கள் ஏற்கெனவே இதற்குள் இருக்கிறீர்கள் என்பதால். வயலிலும் செங்கல் சூளையிலும் சுரங்கத்திலும் ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலிலும் தையற்கூடத்திலும் கட்டாய உழைப்பு நடப்பது ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறது. அங்கே விளைந்ததும் பிடிபட்டதும் தைக்கப்பட்டதும் பல கை மாறி, யாருடைய உழைப்பு என்ற அடையாளம் அழிந்து, நம் கைக்கு வருகிறது. விலை குறைவாக இருக்கிறது என்று நாம் மகிழ்ந்த சில பொருள்களில், கொடுக்கப்படாத கூலியும் கலந்திருக்கலாம். அது நம் குற்றமன்று என்றாலும், தெரிந்த பிறகு கண்ணை மூடிக்கொள்வது நம் தேர்வாகிவிடுகிறது.

இன்னொரு காரணம், நேர்மையாக நடப்பவர்களைப் பற்றியது. நியாயமான சம்பளமும் ஓய்வும் கொடுத்துத் தொழில் நடத்தும் ஒருவர், சம்பளமே கொடுக்காத ஒருவரோடு விலையில் போட்டியிட முடியாது. ஓரிடத்தில் அடிமை உழைப்பைப் பொறுத்துக்கொண்டால், சுற்றியுள்ள எல்லாருடைய கூலியும் கீழே இழுக்கப்படும். அங்கே தொழிற்சங்கம் பேச முடியாது, தொழிலாளி பேரம் பேச முடியாது.

இவையெல்லாம் பயன் கருதிச் சொல்லப்படும் காரணங்கள், இவை எதுவும் இல்லாவிட்டாலும் எதிர்க்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு மனிதரின் காலை நேரத்தை, உடலை, தூக்கத்தை, யாரோடு பேசலாம் என்பதை, எப்போது ஊருக்குப் போகலாம் என்பதை இன்னொருவர் தன் கணக்கு நோட்டில் எழுதிவைத்துக்கொள்வதை எந்த நியாயமும் தாங்காது. 2014 ஆகஸ்டில் இராக்கின் சின்ஜார் பகுதியில் ஐ.எஸ். அமைப்பால் பிடிக்கப்பட்டு, அடிமையாக்கப்பட்டுத் தப்பிய, யாசிதி என்ற சிறுபான்மைச் சமயத்தைச் சேர்ந்த நாதியா முராத், தனக்கு நேர்ந்ததைத் தன் பெயரோடும் முகத்தோடும் உலகின் முன் சொன்னார். 2016-இல் ஐ.நா. அவரைக் கடத்தலில் இருந்து மீண்டோரின் கண்ணியத்துக்கான நல்லெண்ணத் தூதராக்கியது, 2018-இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. வெட்கப்பட வேண்டியவர் தாம் அல்லர் என்று பொதுவெளியில் நிறுவ அவர் கொடுத்த விலை பெரிது. அந்த விலையை இனி வருகிறவர்கள் கொடுக்காமல் இருப்பது, கேட்டுக்கொண்டிருக்கும் நம்மைப் பொறுத்தது.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

கட்டாய உழைப்புக்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 11 அறிகுறிகளைக் குறித்திருக்கிறது. அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பது, சம்பளத்தைக் கொடுக்காமல் நிறுத்துவது, வெளியே போகத் தடை, பிறரிடமிருந்து தனிமைப்படுத்துவது, கடனால் கட்டிப்போடுவது, அளவுக்கு மீறிய வேலை நேரம் ஆகியவை அவற்றுள் சில. அன்றாட வாழ்வில் இவை சின்னச் சின்னக் காட்சிகளாகவே தென்படும்: கேட்ட கேள்விக்கு எப்போதும் வேறொருவர் முந்திக்கொண்டு பதில் சொல்வது, தான் தங்கியிருக்கும் இடத்தின் முகவரியே தெரியாதிருப்பது, மருத்துவரிடம்கூடத் தனியாக விடாமல் உடன் ஒருவர் நிற்பது. ஒரே ஓர் அறிகுறியை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது, பல சேர்ந்து வந்தால் அலட்சியப்படுத்தவும் கூடாது.

சந்தேகம் எழுந்தால் நானே போய் மீட்கலாமா?

வேண்டாம். நல்ல எண்ணத்தோடு கதவைத் தட்டிக் கேள்வி கேட்டவர் திரும்பிப் போன பின்பு, அடி வாங்குவது உள்ளே இருப்பவர்தான். இரவோடு இரவாக அவர்களை வேறிடத்துக்கு மாற்றிவிடவும் கூடும். பார்த்ததை, பார்த்த தேதி, நேரம், இடம், வண்டி எண் ஆகியவற்றோடு குறித்துக்கொண்டு, காவல்துறைக்கோ உங்கள் நாட்டின் அதிகாரபூர்வ உதவி எண்ணுக்கோ தெரிவியுங்கள். அவரோடு தனியாகப் பேச வாய்ப்புக் கிடைத்தால், 'உங்களைக் கடத்தி வந்தார்களா?' என்று கேட்காதீர்கள். பலர் தங்களை அந்தச் சொல்லோடு பொருத்திப் பார்த்ததே இல்லை. 'வேலையை விட்டுப் போக நினைத்தால் போக முடியுமா, உங்கள் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது?' என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

சமூக ஊடகத்தில் எச்சரிக்கைகளைப் பகிர்வது நல்லதுதானே?

சரிபார்த்த தகவல் என்றால் நல்லது. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி 2018-இல் வாட்ஸ்அப்பில் பரவி, இந்தியாவிலும் மெக்சிகோவிலும் எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். 2020-இல் அமெரிக்காவில், இணையத்தில் விற்கப்படும் விலையுயர்ந்த அலமாரிகளின் பெயரில் குழந்தைகள் விற்கப்படுவதாக ஒரு புரளி கிளம்பி, கடத்தலுக்கான உதவி எண்ணில் அழைப்புகள் குவிந்து, உண்மையிலேயே உதவி தேவைப்பட்டவர்களுக்கு இணைப்புக் கிடைப்பது சிரமமாயிற்று. மூன்றாம் கையாக வந்த செய்தியைப் பகிர்வதற்கு முன் அதில் இடம், தேதி, காவல்துறையின் உறுதிப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். மீட்கப்பட்ட ஒருவரின் படத்தை, குறிப்பாகக் குழந்தையின் படத்தை, எந்த நல்ல நோக்கத்துக்காகவும் பகிராதீர்கள்.

வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போகிறவர் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒப்பந்தத்தைத் தனக்குப் புரியும் மொழியில் கேட்டு வாங்கி, ஒரு நகலை வீட்டில் விட்டுச் செல்ல வேண்டும். ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். வேலை தேடுபவரிடம் தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆம் உடன்படிக்கை சொல்லும் பொது விதி. அதிகமாகப் பணம் கேட்பவரிடம் அப்போதே சந்தேகம் வர வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் சுற்றுலா விசா கொடுத்து, விமான நிலையத்தில் கேட்டால் ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல் என்று கற்றுக்கொடுத்தால், பயணத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று யார் கேட்டாலும், அது உங்களிடம் இருப்பதே பத்திரம். கிளம்புமுன் வீட்டாரோடு ஓர் இரகசியச் சொல்லை முடிவு செய்துகொள்ளலாம். ஸ்பீக்கரில் பேச நேரும்போது, 'பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு உடம்பு எப்படி இருக்கிறது?' என்ற ஒரு விசாரிப்பு ஆபத்தைத் தெரிவித்துவிடும்.

கட்டாயத்தின் பேரில் குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவராகவே கருதப்படுவாரா?

அப்படித்தான் கருதப்பட வேண்டும். கடத்தப்பட்ட நிலையின் நேரடி விளைவாகச் செய்ய நேர்ந்த சட்டமீறல்களுக்காக, போலி ஆவணம் வைத்திருந்தது முதல் மோசடிக் குறுஞ்செய்தி அனுப்பியதுவரை, பாதிக்கப்பட்டவர்களைத் தண்டிக்காமல் விட வழி இருக்க வேண்டும் என்பதை மனிதக் கடத்தலுக்கு எதிரான ஐரோப்பிய அவையின் 2005-ஆம் ஆண்டு உடன்படிக்கையும், கட்டாய உழைப்பு பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறையும் வலியுறுத்துகின்றன. நடைமுறையில், தப்பி வந்தவரைக் குடிவரவுச் சட்டத்தின் கீழ் அடைத்துவைப்பதும் நாடு கடத்துவதும் இன்னும் நடக்கிறது. அது கடத்தியவன் சொல்லிவைத்த மிரட்டலை அரசே மெய்யாக்கிக் காட்டுவதாகும்.

மீண்டு ஊர் திரும்பியவரிடம் எப்படி நடந்துகொள்வது?

நடந்ததைச் சொல்லும்படி கேட்காதீர்கள். காவல்துறையிடமும் வழக்கறிஞரிடமும் நீதிமன்றத்திலும் அவர் அதைப் பலமுறை சொல்லியிருப்பார் அல்லது சொல்ல வேண்டியிருக்கும். கையில் காசில்லாமல் திரும்பியவருக்கு, ஏஜென்டிடம் கொடுக்க வாங்கிய கடன் வீட்டில் அப்படியே காத்திருக்கும். அந்தக் கடனும் வேலையின்மையும்தான் அவரை மறுபடி அதே வலைக்குள் தள்ளுகின்றன என்பதால், பரிவுச் சொற்களைவிட ஒரு வேலையும், நிலுவைச் சம்பளத்தைக் கேட்டு வாங்கச் சட்ட உதவியும், கடன்காரரோடு பேச ஒரு துணையும் அவருக்கு அதிகம் தேவைப்படும். இரவில் தூக்கம் வராதிருக்கலாம், சிறிய சத்தத்துக்குத் திடுக்கிடலாம், சில நாள் யாரையும் பார்க்க விரும்பாதிருக்கலாம். வெளியே போகட்டுமா என்று அவர் உங்களிடம் அனுமதி கேட்டால், அனுமதி கொடுக்காதீர்கள். அதைக் கேட்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுச் சாவியின் ஒரு நகலை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.